நாற்பத்தாறு வெள்ளைப் பக்கங்கள்

ஒரு ஃபோல்டருக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கல்லூரி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சேர்ந்த முதல் வாரத்தில் ஹாஜர் போடுவது எங்கே, பிரிண்டருக்குக் காகிதம் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் சொல்வார்கள். ஃபோல்டர் பெயரைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன். பசுமலைப் பக்கம் ஒரு மிஷன் கல்லூரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். என் வேலையில் என்னைத் தலைகுனிய வைத்தது பெரிய பெரிய கோளாறுகள் எதுவும் இல்லை. ஒரு சின்னக் குறி. அதைச் சொல்கிறேன்.

தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரி அறிக்கை அனுப்பியிருந்த வருடம் அது. அறிக்கை என்றால் வெறும் எழுத்து இல்லை. விடுதியில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால், அதற்கு ஆதாரமான ஆவணத்தை நம் இணையதளத்தில் ஏற்றி, அந்த வரிக்குப் பக்கத்தில் லிங்க் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் எங்கோ உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பார்கள். திறந்தால் நாம் சொன்னது உண்மை. திறக்காவிட்டால் நாம் சொன்னது வெறும் பேச்சு. அனுப்பியபின் அறிக்கை பூட்டப்பட்டுவிடும். ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

அந்த வேலையில் எனக்குத் துணையாக இருந்தவள் ஜெசிந்தா. கணவர் ஒரு பள்ளியில் ஆசிரியர், இரண்டு பெண் குழந்தைகள், பழங்காநத்தத்தில் வீடு. நானும் பழங்காநத்தம்தான் என்பதால் ஒரே பஸ்ஸில் வருவோம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஏழு வருடமாக ஒப்பந்த ஊழியராகவே இருந்தாள். அவளை நிரந்தரம் செய்வது பற்றி அந்த மாதம்தான் நிர்வாகக் குழு முடிவெடுக்க இருந்தது. பெண்கள் நலம், விடுதி, மாணவர் உதவி, கீழக்குயில்குடியில் எங்கள் பிள்ளைகள் செய்த கிராமப்பணி ஆகிய நான்கு பகுதிகளும் அவள் பொறுப்பு. மற்றதெல்லாம் துறைகளிடமிருந்து வந்தன. அவற்றை நான் பார்த்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிரின்சிபல் மேடம் என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு காகிதம் இருந்தது. குழுவிடமிருந்து வந்த மின்னஞ்சலை அச்சிட்டிருந்தார்கள். நாற்பத்தாறு லிங்க்குகளில் ஆவணம் இல்லை, வெள்ளைப் பக்கம்தான் வருகிறது, வியாழன் மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் தராவிட்டால் ஆவணம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது.

"முத்தையா, இது எப்படி?" என்றார்கள். அவர்கள் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

பட்டியலைப் பார்த்தேன். நாற்பத்தாறும் ஜெசிந்தாவின் பகுதிகள். ஒன்றுகூட என்னுடையது இல்லை.

"ஜெசிந்தா பொறுப்புல இருந்தது மட்டும் எப்படி இப்படி ஆச்சு?" என்று மேடம் கேட்டார்கள்.

இங்கே நான் சொன்ன பதிலை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. "தெரியல மேடம். அவசரத்துல பண்ணியிருக்கலாம்" என்றேன். எதையும் பார்க்காமல், ஒரு லிங்க்கைக்கூட அமுக்காமல், அந்த அறையில் இல்லாத ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். சொன்னதும் எனக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. மேடம் காகிதத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்கள். நிரந்தரம் செய்ய வேண்டியவர்கள் பட்டியலும் அதே மேசையில்தான் இருந்தது.

கீழே வந்து சர்வரைத் திறந்து பார்த்தேன். ஃபைல்கள் எல்லாமே இருந்தன, அறிக்கை அனுப்புவதற்கு முந்தைய தேதிகளோடு. ஆக, ஏற்றுவதில் தவறு இல்லை. அப்படியானால் லிங்க்கில் தவறு. லிங்க் பட்டியலை அவளுடைய பகுதிகளுக்கு அவள்தான் தயார் செய்தாள்.

"ஜெசிந்தா, லிங்க்கெல்லாம் ஒழுங்கா டைப் பண்ணுனியாம்மா?"

"டைப்பே பண்ணலையேண்ணே. நீங்க எக்ஸெல்ல போட்டுக் குடுத்த ஃபார்முலாதான். ஃபோல்டர் பேரு, ஃபைல் பேரு ரெண்டையும் குடுத்தா அதுவே லிங்க் ஆயிருமே."

"கை பட்டு ஏதாச்சும் மாறியிருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒழுங்காத்தான் பண்ணுனியா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "பண்ணுனேண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குள் விஷயம் அலுவலகம் முழுவதும் பரவிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. கீழக்குயில்குடி ஃபோல்டருக்குள் சில ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் இருந்தது. தமிழ் எழுத்து இருப்பதால் லிங்க் உடைகிறதோ என்று நினைத்து, வாய் சும்மா இருக்காமல் அதை வெளியே சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் தமிழ்த்துறைத் தலைவர் வந்து நின்றார். அவர் தன் துறையின் எல்லா ஃபோல்டர்களுக்கும் தமிழில்தான் பெயர் வைப்பார். ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம் நீளம் இருக்கும். 'மாணவர் படைப்பரங்கில் வாசிக்கப்பட்ட கவிதைகளும் அவை பற்றிய கலந்துரையாடலும்' என்று ஒரு ஃபோல்டர் பெயரை நானே பார்த்திருக்கிறேன்.

"தமிழ்ல பேரு வச்சா உடையும்னு யாருய்யா சொன்னது?" என்றார். "என் லிங்க்க அமுக்குங்க. என் முன்னால அமுக்குங்க."

அமுக்கினேன். கவிதைகள் அழகாகத் திறந்தன.

"அடுத்தது."

அதுவும் திறந்தது. மொத்தம் பதினொன்றை அமுக்க வைத்தார். ஒவ்வொன்று திறக்கும்போதும் பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். போகும்போது, "அந்தப் பொண்ணு மூஞ்சியே சரியில்லையே, சாப்பிட்டுச்சா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

அவருடைய லிங்க்குகளைத் திறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மேலே முகவரி இருக்கும் இடத்தில் அவருடைய ஃபோல்டரின் தமிழ்ப் பெயர் சில சமயம் தமிழாக இல்லை. சதவீதக் குறியும் எண்களும் எழுத்துகளுமாக எறும்பு வரிசை போல நீளமாக ஓடியது. பிரவுசர் தனக்குப் பழக்கமில்லாத எழுத்தை இப்படி வேறு மாதிரி எழுதி அனுப்பிக்கொள்கிறது என்று மட்டும் அப்போது புரிந்தது.

அன்று மத்தியானம் வரை நான் ஃபார்முலாவைப் பார்த்தேன், சர்வரைப் பார்த்தேன், இணையதளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே எடுத்தவர், "எங்க பக்கம் ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்று ஒரே வாக்கியத்தை நாலு தடவை சொன்னார்.

உடைந்த லிங்க் எதையும் நான் இன்னும் நிதானமாகப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் மனிதர்கள் அப்படித்தான். உடைந்து கிடக்கும் பொருளை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் திருகிப் பார்ப்போம்.

மூன்று மணி இருக்கும். ஜெசிந்தா வந்தாள். கையில் பழைய வினாத்தாள் ஒன்று. அதன் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் திறக்கிற லிங்க்குகளையும் வலது பக்கம் திறக்காதவற்றையும் கையால் எழுதியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் இதைத்தான் செய்திருக்கிறாள்.

"அண்ணே, தெறக்காததுல எல்லாம் இது இருக்கு. தெறக்குறதுல ஒண்ணுலகூட இல்ல."

அவள் விரல் வைத்த இடத்தில் # என்ற குறி இருந்தது. இரண்டு கோடு நெடுக்கே, இரண்டு கோடு குறுக்கே. ஹேஷ்.

அந்தக் குறியை அவள் தானாக வைக்கவில்லை. நான்தான் வைக்கச் சொன்னேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. அவளுடைய நான்கு ஃபோல்டர்களும் துறைகளின் கூட்டத்துக்குள் கலந்து காணாமல் போகின்றன என்று அவள் சொன்னபோது, "பேருக்கு முன்னால ஒரு ஹேஷ் போட்டுக்கம்மா, பட்டியல்ல மேல வந்து நிக்கும்" என்று நான் சொல்லிக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் நான் வருடக்கணக்காகச் செய்துவந்த தந்திரம் அது. அவள் அப்படியே செய்தாள். நன்றிகூடச் சொன்னாள்.

அதோடு முடியவில்லை. எல்லாம் ஏற்றி முடித்த அன்று அவள் என்னிடம் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "லிங்க்க ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துரவாண்ணே?" என்று கேட்டாள். நேரம் இல்லை என்ற பரபரப்பில், "சர்வர்ல ஃபைல் தெறக்குதுல்ல, போதும்" என்று சொன்னேன். ஃபைலைச் சோதித்தோம், லிங்க்கைச் சோதிக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள், உங்களுக்கு இது தெரிந்திருக்கலாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஃபோல்டருக்குப் பெயராக வைக்கும்போது ஹேஷ் ஒரு குறி, அவ்வளவுதான், கம்ப்யூட்டர் மறுக்காது. ஆனால் இணைய முகவரிக்குள் வந்துவிட்டால் அது ஒரு உத்தரவு. முகவரி இதோடு முடிந்தது, இதற்கு மேல் இருப்பது பக்கத்துக்குள் எந்த இடம் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். ஹேஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது. ஆக, நாற்பத்தாறு லிங்க்கும் ஃபோல்டர் பெயர் தொடங்கும் இடத்திலேயே வெட்டுப்பட்டு, அதற்கு முந்தைய வாசலில், அதாவது எல்லா ஃபோல்டர்களும் இருக்கும் இடத்தின் முகப்புப் பக்கத்தில், போய் நின்றன. அந்த வாசலில், வெளியாள் யாரும் ஃபைல் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வெற்றுப் பக்கத்தை வைத்திருந்ததும் நான்தான்.

இனி நான் என்ன செய்ய வேண்டும்? இரண்டு வழி தெரிந்தது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, தொழில்நுட்பக் கோளாறு என்று மேடத்திடம் சொல்லலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கோளாறு என்ற சொல்லுக்குள் யாருடைய பெயரும் இருக்காது. ஜெசிந்தாவுக்குக்கூட ஹேஷ் போடச் சொன்னது யார் என்பது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அவள் சொல்லப்போவதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லத்தான் இல்லை, அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"வாம்மா, மேல போவோம்" என்றேன்.

மேடத்தின் அறையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றுகொண்டே சொன்னேன். "மேடம், தப்பு என்னுது. ஹேஷ் போடச் சொன்னது நான். அமுக்கிப் பாக்கவான்னு இவ கேட்டப்ப, வேணாம்னதும் நான். காலையில இவளப் பத்திச் சொன்னது பாக்காமச் சொன்னது. கண்டுபிடிச்சது இவதான்."

மேடம் அந்த வினாத்தாளை வாங்கி, இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார்கள். பிறகு, "சரி. பேர மாத்திருங்க" என்றார்கள்.

அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், பிள்ளைகளே. யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஃபோல்டர் பெயரில்தானே கோளாறு, பெயரை மாற்று. ஆனால் லிங்க் குழுவின் கையில் பூட்டிக் கிடக்கிறது. இங்கே பெயரை மாற்றினாலும் அங்கே ஹேஷ் இருக்கும். அது மறுபடியும் அதே வாசலில்தான் வந்து நிற்கும். புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி ஃபைல்களைத் திரும்ப ஏற்றலாம். ஏற்றினால் தேதி புதிதாகிவிடும். மின்னஞ்சல் வந்த பிறகு அவசர அவசரமாக ஆவணம் தயாரித்ததாகக் குழுவுக்குத் தோன்றும். உண்மையான ஆவணம் போலியாகத் தெரிந்துவிடும். இதையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். "ஃபோல்டர யாரும் தொடக்கூடாது மேடம். அது அப்படியே இருக்கிறதுதான் நமக்குச் சாட்சி."

"அப்ப என்னதான் பண்றது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அப்போது ஜெசிந்தா மெதுவாகப் பேசினாள். "மேடம், நாப்பத்தாறையும் யாரு அமுக்குனாலும் அந்த வெள்ளப் பக்கத்துக்குத்தான வாராங்க? அவங்க வாற எடத்துலயே எழுதி வச்சிட்டா என்ன? எந்த டாக்குமெண்ட் எங்க இருக்குன்னு."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார்கள்.

மூடி வைத்திருந்த வாசலைத் திறந்து ஒரு பலகை மாட்டுவது போல, அம்புட்டுச் சுலபம். லிங்க்கைத் தொட வேண்டாம், ஃபோல்டரைத் தொட வேண்டாம். அந்த வெற்றுப் பக்கத்தில் மட்டும் எழுதினால் போதும். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து ஹேஷ் போட்ட ஃபோல்டருக்குள் எப்படிப் போவது? அதற்குத் தமிழ்த்துறைத் தலைவர் கைகொடுத்தார். அவருடைய எறும்பு வரிசை. தமிழ் எழுத்தை வேறு மாதிரி எழுத முடியும் என்றால் ஹேஷுக்கும் அப்படி ஒரு எழுத்துமுறை இருக்கத்தான் வேண்டும். தேடிப் பார்த்தேன், இருந்தது: %23. ஹேஷ் இருக்கும் இடத்தில் அதை எழுதினால், பிரவுசர் அதை உத்தரவாக எடுக்காமல் பெயரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டது. முதல் லிங்க் திறந்தபோது ஜெசிந்தா மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். விடுதியின் சேர்க்கைப் பதிவேடு, முதல் பக்கம். அவளே ஸ்கேன் செய்தது. ஓரத்தில் அவள் கட்டைவிரல் கொஞ்சம் தெரியும்.

புதன்கிழமை முழுவதும் பட்டியல் தயாரித்து அந்த வெற்றுப் பக்கத்தில் ஏற்றினோம். அறிக்கையில் இருக்கும் அதே வரிசை, அதே எண். விளக்கக் கடிதத்தின் வாசகத்தை மேடமே எழுதினார்கள். ஃபோல்டர் பெயரில் நாங்கள் இட்ட ஒரு குறியால் லிங்க் பாதியில் நின்றது, தவறு எங்களுடையது, ஆவணங்கள் மாற்றப்படவில்லை, அவற்றின் தேதிகளை நீங்களே பார்க்கலாம் என்று நான்கே வரி. கோளாறு என்ற சொல் அதில் இல்லை.

அனுப்புவதற்கு முன் இந்த முறை கல்லூரிக்கு வெளியே போய்ச் சோதித்தோம். கல்லூரிக் கம்ப்யூட்டர் எதையும் நம்பவில்லை. வியாழன் காலை, மெயின்ரோட்டுப் பஸ் ஸ்டாப்பில் நின்று, என் போனில் இருபத்து மூன்று, அவள் போனில் இருபத்து மூன்று. பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா, "ஏம்ப்பா, ரிசல்ட்டா பாக்குறீக?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஆவணங்கள் பார்வையிடப்பட்டன என்று ஒரே வரி. மேடம் அதை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி எங்கள் செக்‌ஷனுக்கே வந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். "ஜெசிந்தா, அன்னைக்கு உன்னக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நான். கேக்காம நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார்கள். அத்தனை பேர் முன்னால். அந்த மாதக் கடைசியில் அவளுடைய நிரந்தர உத்தரவும் வந்தது.

நான் மட்டும் இன்னும் சொல்லவில்லை. மேடத்திடம் ஒப்புக்கொண்டது வேறு. அவளிடம் சொல்வது வேறு. உத்தரவு வந்த அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது, அவள் பக்கத்து இருக்கை காலியானதும் உட்கார்ந்து, "மன்னிச்சிரும்மா, உன்ன மாட்டிவிடப் பாத்தேன்" என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹேஷ் போடச் சொன்னதுக்கு என்னண்ணே, யாருக்குத் தெரியும் அதெல்லாம். ஒழுங்கா பண்ணுனியான்னு ஒரு தடவ கேட்டீக, பதில் சொன்னேன். ரெண்டாவது தடவயும் அதையே கேட்டீக பாருங்க. அதான் தாங்கல. ஏழு வருசமா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

ஃபோல்டர் பெயரில் எழுத்தும் எண்ணும் போதும். ஹேஷ் வேண்டாம், சதவீதக் குறி வேண்டாம் என்பதை நீங்கள் ஒரு நாளில் கற்றுக்கொள்வீர்கள். கூட வேலை பார்ப்பவரிடம் ஒரு கேள்வியை எத்தனை தடவை கேட்கலாம் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு முடி நரைக்கும்வரை ஆயிற்று. மனிதரிடம் ஒரு முறை கேளுங்கள். மிச்சத்தை லிங்க்கை அமுக்கித் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஜெசிந்தா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அடுத்த வருட ஆவணங்களுக்குப் புதிய லிங்க் பட்டியல் தயாராகியிருந்தது.

"எல்லாம் வெறும் எழுத்தும் நம்பரும்தான்ணே. நீங்களே அமுக்கிப் பாத்துருங்க. நான் பாத்தேன்னு சொன்னா நம்ப மாட்டீக" என்று சொல்லிச் சிரித்தாள்.

மவுஸை அவள் பக்கம் தள்ளினேன். "நீ அமுக்கு. நான் டிக் அடிக்கிறேன்" என்றேன்.

மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, "வந்துருச்சு" என்றாள். நான் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஒன்றைக்கூட அவளிடம் திரும்பக் கேட்கவில்லை.